குஷனுக்கு என்று வாங்கிய நூல்

“குஷன் உறைக்கு” என்றாள் எல்ஸி.

சொன்ன மறுநொடியே காது மடல் சுட்டது. நாற்பத்தாறு வயதில், சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர்களை அதட்டி வேலை வாங்குகிற ஒருத்தி, ஈப்போவின் பழைய கடைவீதியில் ஒரு நூல் கடைக்குள் நின்றுகொண்டு பச்சையாகப் பொய் சொல்கிறாள்.

கல்லாவுக்குப் பின்னாலிருந்து லத்தீபா தலையை நிமிர்த்தினாள். அறுபதைத் தொட்ட வயது. பூப்போட்ட தூடோங் முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் போன். அவள் வாப்பா காலத்தில் இது ஜவுளிக்கடை. இப்போது கூரை வரைக்கும் நூல் உருண்டைகள். வாரம் தவறாமல் டிக்டாக்கில் லைவ் போட்டு ஜொகூர் வரை விற்கிறாள்.

“குஷனா? சோபாவுக்கா, காருக்கா?”

“சோபாவுக்கு.”

“பின்னத் தெரியுமா தங்கச்சி?”

“கத்துக்குவேன்லா. யூடியூப் இருக்கே.”

“யூடியூப்புல எல்லாம் இருக்கு. கை மட்டும் நம்ம கை.” லத்தீபா தாடையால் அலமாரியைக் காட்டினாள். “பாரு. தொட்டுப் பாரு. குஷன்தானே, எத எடுத்தாலும் போலே, சரியா வரும்.”

எல்ஸி தொட்டுப் பார்த்தாள். விரல் போய் நின்றது ஒரு கருநீல உருண்டையில். பூனைக்குட்டி முதுகு போல மெத்தென்று ரோமம் எழும்பி நின்றது. இதைவிட மென்மையாக உலகத்தில் ஒன்று இருக்க முடியாது. ஊசியா? எஃகில் நீளமாக ஒரு ஜோடி, உள்ளதிலேயே ஒல்லி. ஒல்லியாக இருந்தால் பின்னல் நெருக்கமாக விழும் என்று அவள் கணக்கு.

“குஷனுக்குத் தாராளம்” என்று பையில் போட்டுக் கொடுத்தாள் லத்தீபா.

கடை வாசலின் அஞ்சடி நடைபாதையில் இறங்கி வெயிலுக்கு வந்த பிறகுதான் எல்ஸிக்கு மூச்சு வந்தது. அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. யார் காதிலும் போடவில்லை.

குழந்தை.

அவள் தங்கை மெலிண்டாவுக்கு ஏழாம் மாதம். தங்கை சொல்லித் தெரியவில்லை. தங்கை பேசியே இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஏர்கோன் சாமான் கடையில் எல்ஸியின் கணவர் ஆம்புரோஸைச் சந்தித்த மெலிண்டாவின் கணவன் கால்வின், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்திருக்கிறான். “அண்ணே, அக்காகிட்ட சொல்லிடாதீங்க.” ஆம்புரோஸ் வேன் சாவியை ஆணியில் மாட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

மெலிண்டாவுக்கு எல்ஸி வெறும் அக்கா இல்லை. லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மா இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடிவிட, கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கி ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள் எல்ஸி. மெலிண்டாவுக்கு முதல் சட்டை தைத்தது, தலைக்குப் பேன் பார்த்தது, கால்வினை வீட்டுக்கு வரச் சொல்லி நேர்முகத் தேர்வு நடத்தியது எல்லாம் அவள்தான். தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரம் நின்ற இடத்தில் அடுக்கு வீடுகள். அக்கா தங்கை மட்டுமாவது மிஞ்சுவார்கள் என்று எல்ஸி நினைத்திருந்தாள்.

கெடுத்தது அவள்தான். அல்லது, கெடுத்தோம் என்று அவள் நம்பினாள்.

பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டியே எதுவும் வாங்கக் கூடாது. தோட்டத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இது சட்டம். பிள்ளை வந்து அழுத பிறகுதான் தொட்டில், துணி எல்லாம். அதுவரை துவைத்துத் துவைத்து நைந்த பழம்புடவைத் துண்டு போதும்.

மெலிண்டா முதல் தடவை உண்டானபோது எல்ஸி அந்தச் சட்டத்தைக் காலால் எத்தினாள். “நாம வேதக்காரங்க. இதெல்லாம் பாக்கிறதில்ல.” தொட்டில் வாங்கினாள். குட்டி அலமாரி வாங்கினாள். யானை போட்ட திரை, பாலாடை, தொப்பி, கையுறை, கொசுவலை. சிம்பாங் பூலாயில் மெலிண்டாவின் பின் அறை ஒரு கடை போல ஆனது.

எட்டாம் மாதம் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது.

மெலிண்டா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எல்ஸிக்கு ஒரே ஒரு எண்ணம்தான். தங்கை வீட்டுக்கு வந்து அந்த அறையைப் பார்க்கக் கூடாது. கால்வினிடம் சாவியை வாங்கினாள். ஆம்புரோஸின் வேனை வரவழைத்தாள். ஒரே மதியத்தில் அறை காலி. நல்லதெல்லாம் அனாதை இல்லங்களுக்கு. மீதி கறுப்புப் பையில். தரையைத் துடைத்து, ஜன்னலைத் திறந்து, கம்ப்யூட்டர் மேசையை நகர்த்திப் போட்டு, அங்கே ஒரு குழந்தைக்காக யாரும் எதுவும் காத்திருந்ததே இல்லை என்பது போலாக்கினாள். கை கழுவும்போது, தான் செய்ததிலேயே சரியான காரியம் இது என்று தோன்றியது.

மறுநாள் கல்லறையில் கால்வினின் அம்மா எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். “பொறக்கறதுக்கு முந்தியே கடைய வாரிக்கிட்டு வந்து அடுக்கினா, எப்படித் தங்கும்?”

சக்கர நாற்காலியில் இருந்த மெலிண்டா அக்காவை ஒரு முறை பார்த்தாள். ஒரே ஒரு முறை. அன்று வீட்டுக்குப் போனவள், அதன்பிறகு எல்ஸியின் போனை எடுக்கவில்லை. கிறிஸ்மஸுக்குப் போனால் வீடு பூட்டியிருந்தது. ஈஸ்டருக்குப் போனால் உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை.

இந்த முறை எல்ஸி எதுவும் வாங்கப் போவதில்லை. தொட்டில் இல்லை. துணி இல்லை. ஆனால் நூல் வாங்கலாமே? நூல் என்பது நூல்தான். அதில் குழந்தையின் பெயர் எழுதியிருக்கிறதா என்ன? தன் கையால் ஒரு போர்வை பின்னி எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றால், மெலிண்டா கதவைத் திறப்பாள். திறக்காவிட்டால்? அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

“என்னடி இது, காக்கா கூடா?”

ஆம்புரோஸ் சோபாவில் வந்து விழுந்தார். எல்ஸியின் மடியில் கருநீலமாக ஏதோ ஒன்று சுருண்டு கிடந்தது. போனில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துச் சிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள். எல்ஸி சிரிக்கவில்லை. ரோமத்துக்குள் கண்ணி எது, ஓட்டை எது என்று தெரியவில்லை. எஃகு ஊசியில் பத்துக் கண்ணி ஏற்றினால் நான்கு வழுக்கி விழுந்தன. அவிழ்க்கலாம் என்றால் ரோமத்தோடு ரோமம் சிக்கி அவிழவும் மறுத்தது.

“பாத்துகிட்டு இருங்க. முடிச்சிக் காட்றேன்.”

ஆம்புரோஸ் தும்மினார். மறுபடி தும்மினார். மூக்கு நுனியிலிருந்து ஒரு நீல ரோமத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “எனக்கே இப்பிடி. இதப் போயி அந்தப் பச்சப்புள்ள மேல…”

“ஷ்! அந்த வார்த்தைய சொல்லாதீங்க!”

“சரி, அந்த… அதும்மேல போட்டா, மூச்சு முட்டாதா எல்ஸி?”

எல்ஸியின் கை நின்றது. உண்மைதான். மூக்கிலும் வாயிலும் ரோமம் போனால்? மடியில் கிடந்ததைப் பார்க்கவே பயமாக இருந்தது. அப்படியே பையில் திணித்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் அவள் மறுபடி லத்தீபாவின் கடையில். கையில் எஃகு ஊசியும், பிரிக்க முடியாத கருநீலச் சிக்கலும்.

லத்தீபா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். “அலாமாக். யார் அடிச்சுப் போட்டது இத?”

“வேற நூல் வேணும்க்கா.”

“எடு. பாத்து எடு.”

எல்ஸி அலமாரி அலமாரியாகப் போனாள். ஒரு உருண்டையை எடுத்து மணிக்கட்டின் உட்புறம் தேய்த்தாள். இன்னொன்றை மூக்கருகே கொண்டுபோனாள். மூன்றாவதைக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடி…

“தங்கச்சி.”

திரும்பினாள். லத்தீபா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மோந்து பாக்குற. கன்னத்துல ஒத்திப் பாக்குற. எந்த ஊர்லம்மா குஷனுக்கு இவ்வளவு சோதனை? குஷன் மேல நாம எதை வைக்கிறோம்? கன்னத்தையா?”

எல்ஸி உருண்டையைக் கன்னத்திலிருந்து எடுத்தாள்.

“சரி, சொல்லு. அந்தக் குஷன் எப்ப பொறக்குது?”

சிரிப்பு வந்தது எல்ஸிக்கு. சிரிப்போடு கண்ணும் கலங்கிவிட்டது. “தைப்பூசம் முடிஞ்சு.”

“உன் குஷனா? மக குஷனா?”

“தங்கச்சிது. போன தடவை… தங்கல.”

லத்தீபா போனைக் கவிழ்த்து வைத்தாள். கல்லாவைச் சுற்றி வெளியே வந்தாள். “எங்க ஆளுங்ககிட்டயும் இந்தப் பந்தாங், இது ஆகாது அது ஆகாதுன்னு, எல்லாம் உண்டு. நானும் அந்தப் பேச்சை வாயால எடுக்க மாட்டேன். குஷன்னே பேசிக்கலாம். ஆனா என்கிட்ட பொய் சொன்னா நான் எப்படி நூல் குடுப்பேன்? டாக்டர்கிட்ட பல்வலிய கால்வலின்னு சொன்ன மாதிரியில்ல இருக்கு? இப்ப நேரா பதில் சொல்லு. குஷனுக்கு எச்சில் ஒழுகுமா?”

“ஒழுகும்.”

“வாந்தி எடுக்குமா?”

“எடுக்கும்.”

“அப்ப மெஷின்ல போட்டு அடிச்சாலும் அசையாத நூல் வேணும். அசல் ஆட்டு ரோமம் வேணாம். உன் தங்கச்சி எங்க, கேமரன் மலையில இருக்காளா?”

“சிம்பாங் பூலாய்.”

“மலைக்கு மேல இருந்தாக் குடுப்பேன். அடிவாரத்து வெயிலுக்கு அது உறுத்தும், உடம்பு பூரா பொரிப்பொரியா வரும். தனிப் பருத்தி எடுத்தா, நனைஞ்ச துண்டு மாதிரி கனத்துப் போவும். புதுசா பின்றவ விரலும் வீங்கிரும். இந்தா, இது பாதிப் பருத்தி, பாதி அக்ரிலிக். ரோமம் இருக்கா பாரு. இல்ல. வாய்ல வச்சு இழுத்தாலும் நூல் வராது.”

எல்ஸி கருநீலத்தின் பக்கம் பார்த்தாள். “கலர்…”

“இருட்டுக் கலர தொடாதே. கண்ணி எங்க விழுதுன்னு உனக்கே தெரியாது. வெளிறின கலர்ல ஒண்ணு எடு.”

இளமஞ்சள் எடுத்தாள். பையனோ பெண்ணோ யாருக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பே அதிகம் என்று பட்டு உடனே நிறுத்திக்கொண்டாள்.

“ஒரு ரெண்டு உருண்டை இப்ப எடுத்துக்கறேன். முடிஞ்சதும்…”

“முடிஞ்சதும் வருவே, அதே மஞ்சள் வேணும்பே. நான் அழுவேன்.” லத்தீபா உருண்டையின் காகிதப் பட்டையில் இருந்த சிறிய எண்ணை நகத்தால் காட்டினாள். “இது சாய நம்பர். ஒரே தொட்டியில முக்கின நூலுக்கு ஒரே நம்பர். அடுத்த தடவை வர்ற மஞ்சள், மஞ்சளாத்தான் இருக்கும், ஆனா பக்கத்துல வச்சா ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும். மொத்தத்தையும் இன்னிக்கே எடு. மீந்தா கொண்டா, நான் வாங்கிக்கறேன்.”

ஊசிக்கு வந்தார்கள். எஃகு ஊசியை லத்தீபா குச்சி போல ஓரத்தில் வீசினாள். “வழுக்கும். மூங்கில் எடு, கண்ணியப் பிடிச்சு வச்சிக்கும். அஞ்சு நம்பர் கனம். ஒல்லி ஊசியில போட்டா தகரம் மாதிரி விறைச்சு நிக்கும், ரொம்பப் பெருசுன்னா வலை மாதிரி ஓட்டை விழும். அதுல குஷனோட விரல் மாட்டும்.”

“குஷனுக்கு விரலா?” என்றார் நூல் வாங்க வந்து பின்னால் நின்ற ஒரு சீனத்துப் பெரியவர், நல்ல தமிழில்.

“இந்தக் குஷனுக்கு இருக்கு அங்கிள், நீங்க வரிசையில நில்லுங்க” என்றாள் லத்தீபா.

இரண்டு குட்டை மூங்கில் ஊசிகளை ஒரு மெல்லிய வயர் இணைத்திருந்தது. போர்வையின் பாரம் எல்லாம் அந்த வயரில் மடியில் கிடக்கும், கை வலிக்காது என்றாள். பூ வேலை வேண்டாம், குஞ்சம் வேண்டாம், போகும்போது எப்படியோ வரும்போதும் அப்படியே ஒரே பின்னல். நாற்காலி இழுத்துப் போட்டு, முதல் வரிசையை எல்ஸியின் கையைப் பிடித்தே ஏற்றிக் கொடுத்தாள்.

கிளம்பும்போது எல்ஸி தயங்கினாள். “அக்கா… முழுசா முடிச்சுட்டா, அது போர்வையாயிடும்ல? முன்னாடியே வாங்கி வச்ச மாதிரி?”

லத்தீபா யோசித்தாள். கேலி செய்யவில்லை. “ஊசியில இருக்கற வரைக்கும் அது நூல்தான். உருவினா அவுந்துரும். கடைசி வரிசையை மூடினாத்தான் போர்வை.”

எல்ஸிக்கு அது போதுமாக இருந்தது. கடைசி வரிசையைக் குழந்தை பிறந்த செய்தி வந்த பிறகுதான் மூடுவது.

பின்னல் என்பது இப்படிப்பட்ட வேலை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு அலமாரியை அவள் மூச்சு விடுவதற்குள் காலி செய்வாள், அடுத்த மூச்சில் நிரப்புவாள். இங்கே முதல் வாரம் முழுக்கப் போராடி வந்தது அவள் உள்ளங்கை அகலம். அதுவும் ஓரம் கோணல். வரிசை முடியும் இடத்தில் தெரியாமல் ஒரு கண்ணி கூடிக்கொண்டே போய், நேராக வர வேண்டியது பாவாடை போல விரிந்தது.

“நல்லா இருக்கே, சமோசாவா?” என்றார் ஆம்புரோஸ்.

உருவினாள். ஒரு வாரம், ஒரே இழுப்பில் சுருள் சுருளாகத் தரையில். மறுபடி ஏற்றினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்னினாள், ஆம்புரோஸ் வேனுக்குப் பெட்ரோல் போடும் நேரத்தில் பின்னினாள். ஆள்காட்டி விரல் காய்த்தது. எந்தக் கண்ணி எந்த நாளுடையது என்று தடவிப் பார்த்தே சொல்ல முடிந்தது. இது மேனேஜரோடு சண்டை போட்ட அன்று, இறுகியிருக்கிறது. இது மழை பெய்த ஞாயிறு, தளர்வாக இருக்கிறது.

தைப்பூசம் வந்தபோது மஞ்சள் சதுரம் முழுசாக வளர்ந்து, ஒரு வரிசை மட்டும் பாக்கியாக, ஊசியோடு பைக்குள் காத்திருந்தது.

ஆம்புரோஸின் அழைப்பு வந்தபோது அவள் கிடங்கில் பால் டின்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“எல்ஸி… பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. கால்வின் அழுவுறான், பேச முடியல.”

எல்ஸி டின்களை அப்படியே விட்டாள். ஓய்வறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பையைத் திறந்தாள். ஒரு கண்ணியை இன்னொன்றின் மேல் தாண்ட வைத்து, அடுத்தது, அடுத்தது என்று கடைசி வரிசையை மூடிக்கொண்டே போனாள். நூலை அறுத்து முடிந்தபோது கவனித்தாள். அவசரத்தில் இறுக்கி இழுத்திருக்கிறாள். அந்த ஒரு ஓரம் மட்டும் சுருங்கி, உதட்டைக் குவித்தது போல நின்றது. பரவாயில்லை. இப்போது அது போர்வை.

கால்வின் நாள் சொன்னான். “அவகிட்ட நான் சொல்லல அண்ணே. நீங்களா வந்த மாதிரி வாங்க. அம்மா அன்னிக்கு பாகான் செராய் போறாங்க.”

சிம்பாங் பூலாய் வீட்டுக் கேட்டைத் திறந்தபோது கால்வின் எல்ஸியின் கண்ணைப் பார்க்கவில்லை. கூடத்தில் மெலிண்டா உட்கார்ந்திருந்தாள். காதை மூடித் துணி கட்டியிருந்தாள், காலில் சாக்ஸ். முகம் வீங்கி, வெளுத்து, அம்மாவைப் போலவே இருந்தாள். உள் அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சின்ன விக்கல் சத்தம்.

“மாமா, உக்காருங்க” என்றாள் மெலிண்டா. மாமாவிடம் மட்டும்.

எல்ஸி நின்றுகொண்டே பையை நீட்டினாள். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் தாறுமாறாகக் கொட்டின. “மெலி, முன்னாடியே எதுவும் வாங்கல. சத்தியமா. நூல் மட்டும்தான். பொறந்தப்புறம்தான் முடிச்சேன். கடைசி வரிசை அதுவரைக்கும் ஊசியிலதான் இருந்துச்சு, அவரையே கேளு…”

“என்னக்கா ஒளர்ற?”

‘அக்கா’ என்ற சொல் காதில் விழுந்து இரண்டு வருடம். “உன் மாமியார் அன்னிக்கு சொன்னாங்கல்ல. நான் முன்னாடியே வாங்கி அடுக்கினதாலதான்னு. அதனாலதானே நீ…”

“அந்தம்மாவா?” மெலிண்டாவின் உதடு கோணியது. “மழை பேஞ்சாலும் அதுக்கு யாரோ ஒருத்தர்தான் காரணம்னு சொல்லும் அது. நீ வாங்கினதுக்காகவா நான் பேசாம இருந்தேன்னு நெனச்சே?”

பிறகு எதற்கு? எல்ஸி கேட்கவில்லை.

மெலிண்டா போர்வையை வெளியே எடுத்தாள். மடியில் விரித்தாள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனவள், ஒரு இடத்தில் நின்றாள்.

“அஞ்சாம் நம்பர் ஊசியா?”

“உனக்கு எப்படி…”

“மூடற வரிசைய இறுக்கிட்டே. பெரிய ஊசி எடுத்து மூடணும்.”

“நீ பின்னுவியா மெலி?”

“பின்னினேன்.” மெலிண்டா போர்வையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்த ரூம்ல, அலமாரிக்குக் கீழ, பிஸ்கட் டின்னுல வச்சிருந்தேன். வெள்ளை நூல். ஊசியோடவே இருந்துச்சு. எவ்வளவு வந்துச்சுங்கறே? ஒரு சாண் கூட இல்ல. போட்டுப் போட்டு அவுத்தேன். யாருக்கும் காட்டல, நீ சிரிப்பேன்னு. நீ வாங்கிக் குவிச்ச அந்த ரூம்ல, என் கையால அவளுக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான்.”

மெலிண்டா சுருங்கிய ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

“கல்லறையில இருந்து அத நெனச்சுக்கிட்டேதான் வந்தேன்க்கா. வீட்டுக்குப் போனா அத கையில எடுத்து வச்சிக்கலாம்னு. கதவத் தொறந்தா ரூம் பளபளன்னு இருக்கு. தரை தொடைக்கிற பினோல் வாசம். கம்ப்யூட்டர் மேசை. அவ வரப்போறான்னு இருந்ததுக்கே ஒரு அடையாளம் இல்ல. என்னைக் கேட்டியா நீ? ஒரு வார்த்த?”

“நீ பாத்தா தாங்க மாட்டேன்னு…”

“நான் பாக்கணும்னு இருந்தேன்.”

எல்ஸிக்கு டின் ஞாபகம் வந்துவிட்டது. மூடியில் சிவப்புக் குதிரை வண்டி. திறந்து பார்த்தாள். உள்ளே இரண்டு குச்சி, அழுக்கு வெள்ளையில் ஏதோ ஓட்டை ஓட்டையாக ஒரு துண்டு. பழந்துணி என்று நினைத்தாள். டின் நன்றாக இருந்தது, இல்லத்துக்குப் போகும் குவியலில் வைத்தாள். உள்ளே இருந்ததை…

“அந்த டின்ன பாத்தியாக்கா?”

ஆம்புரோஸ் தரையைப் பார்த்தார். பைகளைச் சுமந்தவர் அவர். கால்வின் சுவரோடு சுவராக நின்றான். பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கோ ஓர் இல்லத்தில் அந்த வெள்ளைத் துண்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது என்று தங்கை நம்பிக்கொள்ளலாம். எல்ஸியின் நாக்கு நுனி வரை அது வந்தது. ஆனால் அவள் விரல்களுக்கு இப்போது தெரியும். ஒரு சாண் என்பது எத்தனை தடவை ஏற்றி, எத்தனை தடவை உருவி, எத்தனை மதியங்கள் என்று.

“பாத்தேன்.”

“எங்க குடுத்தே?”

“குடுக்கல. டின்ன மட்டும்தான் குடுத்தேன். உள்ள இருந்தத… கறுப்புப் பையில போட்டேன், மெலி. குப்பை லாரியில போயிடுச்சு. என்னன்னு தெரியாமப் போட்டுட்டேன்.”

மெலிண்டா கண்ணை மூடிக்கொண்டாள். கத்துவாள் என்று எல்ஸி எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சரி” என்றாள் மெலிண்டா கடைசியில். “ஹோம் ஹோமா போய்க் கேட்டேன், இவருக்குக்கூடச் சொல்லாம. எனக்கு ஒரு டின்னு வேணும்னு. பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க. இனிமே போக வேணாம்.”

உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. இத்தனை வருடத்துப் பழக்கம், எல்ஸியின் உடம்பு தானாக அந்தக் கதவுப் பக்கம் திரும்பியது. ஒரு அடி வைத்தும்விட்டாள்.

“நீ இரு, அக்கா” என்றாள் மெலிண்டா. சத்தம் போடவில்லை. சோபாவின் கையைப் பிடித்து மெல்ல எழுந்து, தானே உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அழுகை தணிந்தது. மெலிண்டாவின் குரல் ஏதோ முணுமுணுத்தது. எல்ஸி கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தைக்கு முடி நிறைய இருக்குமா? நெற்றி யாருடையது? எதுவும் தெரியவில்லை.

“சாவியக் குடுத்தது நான்தான் அக்கா” என்றான் கால்வின் சுவரைப் பார்த்து. “அத நான் அவகிட்ட சொல்லவேயில்ல. நீங்களா எடுத்துக்கிட்டதா நெனச்சிட்டிருக்கா.”

“சொல்லிடு தம்பி” என்றார் ஆம்புரோஸ்.

மெலிண்டா திரும்பி வந்தாள். கை வெறுமையாக இருந்தது.

“இன்னிக்கு வேணாம்க்கா.”

எல்ஸி தலையாட்டினாள்.

“காட்ட மாட்டேன்னு சொல்லல. இன்னிக்கு முடியாது. உன் கையில அவளப் பாத்தா, எனக்கு இன்னொருத்தி ஞாபகம் வரும். இத வச்சிட்டுப் போ. போடுவேனா தெரியாது. துவைச்சு வைக்கிறேன்.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். “வர்றதா இருந்தா போன் பண்ணிட்டு வா.”

“எடுப்பியா?”

மெலிண்டா போர்வையை எடுத்து மடித்தாள். “எடுக்கிறேன்” என்றாள்.

வேன் நெடுஞ்சாலைக்கு ஏறியது. சுண்ணாம்புக் குன்றுகள் மேல் வெயில் சாய்ந்திருந்தது. ஆம்புரோஸ் வெயில் தடுப்பை இறக்கிவிட்டார்.

“எடுக்கிறேன்னு சொல்லிட்டால்ல. அது பெரிசுதானே எல்ஸி? ஒரு வாரம் விட்டு போன் அடி. புள்ளயக் காட்டுவா.”

“காட்டுவா.”

“அப்புறம் ஏன் இப்பிடி உக்காந்திருக்கே?”

எல்ஸி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஹோம் ஹோமா போனாளாம்ங்க. கால்வினுக்கே தெரியாம. அவளுக்குக் கார் ஓட்ட வராது. வயித்துத் தையலோட, கிராப் டாக்ஸி புடிச்சு, ஒவ்வொரு கேட்லயும் நின்னு, ஒரு பிஸ்கட் டின்னு வந்துச்சான்னு கேட்டிருக்கா.” குரல் உடைந்தது. “என்கிட்ட கேட்டிருந்தா நான் கூட்டிட்டுப் போயிருப்பேன். எல்லா எடத்துக்கும் நான்தானே கூட்டிட்டுப் போவேன்.”

ஆம்புரோஸ் சிக்னலில் வேனை நிறுத்தினார். பச்சை விழுந்தது. பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். அவர் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவில்லை.